வீட்டை அடகு வைத்து பிள்ளையை பைலட் ஆக்கலாமா?

"விமானிகளுக்குத் தட்டுப்பாடு" என்று பேப்பரில் ஒரு செய்தி வந்தால் போதும். "நம்ம பையனை பைலட்டுக்குப் படிக்க வைச்சா என்ன?" என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும்.

படிப்புச் செலவு ஏறக்குறைய அரைக்கோடி ரூபாய். வீட்டுப் பத்திரம் பாங்கிக்குப் போகும்.

போகட்டும். அதற்கு முன்னால் இந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்!

இரண்டே கம்பெனி

1953-ல் விமான கம்பெனிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதன்பிறகு சுமார் 40 வருஷம் பெரிய முதலாளி ஒருவர்தான், சர்க்கார். ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் இரண்டும் அவருடையதுதான்.

வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்துவிட்டால் ரிட்டயர் ஆகிற வரை கவலை இல்லை.

1994-ல் பழைய சட்டம் ரத்தானது. தனியார் கம்பெனிகள் பெருகின. சென்னையில் இருந்தே என்.இ.பி.சி. என்ற கம்பெனி பறந்தது. சில வருஷத்தில் அதுவும் நின்றது.

ஆள் இல்லை!

2003-ல் ஏர் டெக்கான், 2005-ல் கிங்பிஷர், ஸ்பைஸ்ஜெட், 2006-ல் இண்டிகோ என்று வரிசையாக வந்தன. விமானம் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. வெளிநாட்டு விமானிகளைக் கூட்டி வந்தார்கள்.

அதைப் பார்த்து பையன்கள் பயிற்சிக்குப் படையெடுத்தார்கள். படித்து முடிக்க 2 வருஷம் ஆனது. லைசென்சோடு வந்து நின்றபோது 2008. உலகம் பூராவும் பணமுடை! "ஆள் வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஒரே ராத்திரியில்...

2012 அக்டோபரில் கிங்பிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17-ந்தேதி ராத்திரியோடு ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2020 மார்ச் 25 முதல் 2 மாதம் உள்நாட்டு விமானமே ஓடவில்லை. கொரோனா! வேலையில் இருந்தவர்களுக்கே சம்பளம் வெட்டு.

2023-ல் காற்று திரும்பியது. ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம் என்று ஆர்டர் கொடுத்தன. ஆனால் அதே வருஷம் மே மாதம் கோ பர்ஸ்ட் படுத்துவிட்டது!

2025 டிசம்பரில் என்ன ஆச்சு? விமானிகளுக்கு வாரத்தில் 36 மணி நேர ஓய்வு, அதற்கு முன்பே 48 ஆகியிருந்தது. ராத்திரியில் இறங்கும் தடவையும் குறைக்கப்பட்டிருந்தது. இண்டிகோவில் அதற்குப் போதிய ஆள் இல்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. சென்னை உள்பட பல ஊர்களில் பயணிகள் தவித்துப்போனார்கள்.

யாருக்குத் தட்டுப்பாடு?

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. 200 மணி நேரம் பறந்தால் லைசென்ஸ். ஆனால் கேப்டன் ஆக 1,500 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு 1,000 மணிக்கு மேல் பறக்கக்கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆக, அவசரத்துக்குக் கேப்டனைத் தயார் பண்ண முடியாது.

தட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் கேப்டனுக்குத்தான். புது லைசென்ஸ்காரர் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பெரிய விமானம் ஓட்டத் தனிப் பயிற்சி வேறு. அதற்கும் பல லட்சம்!

படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைய செய்தியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பிள்ளை வேலை தேடப்போவது 2 வருஷம் கழித்து!

"லைசென்ஸ் வாங்கி 2 வருஷம் சும்மா இருந்தாலும் வட்டி கட்ட முடியுமா?" இதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

முடியும் என்றால், பிள்ளை தாராளமாகப் பறக்கட்டும். முடியாது என்றால், பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்!