பாடகரைப் பாடிய பாடகர்

காஞ்சிபுரம் அருகிலுள்ள கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான், நாள் முழுவதும் வாசலைத் திறந்து வைத்துப் பசித்தவர்க்கு அன்னமிட்டார் என்பது வைணவ மரபு. பசியாற்றியவரை நம் மண் மறப்பதில்லை. அப்படிப் பசியாற்றிய ஒரு கத்தோலிக்கரை, சிவபக்தரான மூத்த கீர்த்தனை ஆசிரியர் ஒருவர் பாடியதை இன்று சிந்திப்போம்.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826-1889) தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியர் என்பது பலருக்கும் தெரியும். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' இயற்றிய இசைவாணர் அவர் என்பது சிலருக்கே தெரியும். 1876-78 பெரும் பஞ்சத்தில் மாயூரத்தில் கஞ்சித் தொட்டிகள் திறந்து, தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளைக் காத்தார்.

அதைக் கண்டு உருகியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யால் புகழ்பெற்றவர். வேதநாயகரைப் போற்றி அவர் பாடியதே 'நீயே புருஷ மேரு' என்னும் கீர்த்தனை. மனிதருள் மேரு மலை போன்றவர் என்பது அதன் கருத்து.

இதில் என்ன வியப்பு? மனிதரைப் பாடுவதை 'நரஸ்துதி' என்று சொல்லி ஒதுக்கியது அன்றைய பக்தி இசை மரபு. அரசரைப் பாடிப் பொருள் பெற தியாகராஜர் மறுத்த கதையை அறிவோம். அம்மரபில் வந்து, அறுபதைக் கடந்து, சிவனையே பாடிவந்த பாரதியார், வேற்றுச் சமயத்து மனிதரைப் பாடுகிறார். கேட்டது தம் வயிற்றுக்காக அல்ல; பிறர் வயிறு நிறைந்ததைக் கண்டு பாடினார். பண்ணையில் உழைத்த நந்தனின் துயரைப் பாடிய நாவுக்கு, பசித்தவரின் துயரைத் துடைத்த கையும் பாடுபொருளானது. இசைவாணர் ஒருவர் மற்றோர் இசைவாணரைப் புகழும்போது குரலையும் ராகத்தையும் பாராட்டுவது எளிது. பாரதியார் ஈகையைப் போற்றினார்.

கடல் கடந்தும் இதற்கு இணை உண்டு. அமெரிக்கப் பாடலாசிரியர் பாப் டிலன், ஜார்ஜியாவைச் சேர்ந்த பார்வையற்ற ப்ளூஸ் பாடகர் வில்லி மக்டெல்லைப் போற்றி 1983-இல் ஒரு பாடலைப் பதிவு செய்தார். அது 1991-இல் வெளியானது. அதிலும் முன்னிற்பது அடிமைப்பட்ட மக்களின் வேதனையே. அந்த வேதனையைப் பாட வல்லவர் என்பதே மக்டெல்லுக்கு அவர் தரும் புகழ்.

ஆலயத்தில் நாம் இனிமையாகப் பாடுகிறோம், நல்லதே. ஆனால் வேற்றுச் சமயத்து அயலார் ஒருவர் நம்மைப் பற்றிப் பாட நினைத்தால், எதைக் கண்டு பாடுவார்? சிந்திப்போம்.