வெளிநாட்டு ஆளுக்கு கார் விற்கிறீர்களா? அக்கவுன்ட்டில் பணம் தெரிந்தாலும் அவசரப்படாதீங்க!

“உங்கள் கார் இன்னும் விற்பனைக்கு இருக்கிறதா? நீங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன். நான் இப்போது நடுக்கடலில், எண்ணெய்க் கிணற்றில் வேலையில் இருக்கிறேன். போனில் பேச முடியாது. பணத்தை அனுப்பிவிடுகிறேன், ஷிப்பிங் ஆள் வந்து வண்டியை எடுத்துக்கொள்வார்.”

பழைய காரை ஆன்லைனில் விளம்பரம் செய்தால், இப்படி ஒரு மெசேஜ் வருவது உலகம் முழுக்க வாடிக்கையாகிவிட்டது. பேரம் கிடையாது, டெஸ்ட் டிரைவ் கிடையாது, டயர் எப்படி இருக்கிறது என்ற கேள்விகூடக் கிடையாது. நம்மூரில் ஒரு பழைய ஸ்கூட்டரை விற்றாலே நாலு பேர் வந்து கிக்கர் அடித்துப் பார்ப்பார்கள், தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டி வருவார்கள், கடைசியில் “ஐநூறு கொறைச்சுக்குங்க” என்பார்கள். ஆனால், கடல் கடந்து இருப்பவருக்கு மட்டும் பார்க்காமலேயே பிடித்துவிடுகிறதாம்!

எண்ணெய்க் கிணறு, கப்பல், ராணுவ முகாம் என்று வேலை மாறும், கதை மாறாது. நேரில் வர முடியாது, பேச முடியாது, வேறு ஆள் வருவார், பணம் வேறு வழியில் வரும். சாதாரணமாக ஒவ்வொன்றும் சந்தேகம் கிளப்ப வேண்டிய விஷயம். ‘அவர் வெளிநாட்டில் இருக்கிறார்’ என்ற ஒரே காரணம் எல்லாவற்றையும் நியாயமாக்கிவிடுகிறது. அதனால்தான் மோசடிக்காரர்களுக்கு அந்த வேஷம் அவ்வளவு பிடிக்கிறது.

டாலஸில் ஒரு கார், 60 நாள் கெடு

அவசரத்தில் விற்பவர்கள்தான் இதில் எளிதாக மாட்டுவார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால், வீட்டைக் காலி செய்து, சாமான்களை விற்று, கார் கணக்கையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் ‘கேட்ட விலைக்கே எடுத்துக்கிறேன்’ என்று ஒருவர் வந்தால், தெய்வமே அனுப்பியது போலத்தான் இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். டாலஸில் இருக்கும் ஒருவர் தன் காரை 9,000 டாலருக்கு விளம்பரம் செய்கிறார். ‘வெளிநாட்டு பையர்’ 12,500 டாலருக்கு கேஷியர்ஸ் செக் அனுப்புகிறார். ஏன் கூடுதலாக 3,500? “ஷிப்பிங் ஏஜென்ட்டுக்கு நீங்களே கொடுத்துவிடுங்கள், எனக்கு இங்கிருந்து தனியாக அனுப்ப வசதியில்லை. உங்கள் சிரமத்துக்கு 200 டாலர் வைத்துக்கொள்ளுங்கள்.” எவ்வளவு நல்ல மனுஷன்!

கேஷியர்ஸ் செக் என்பது ஏறக்குறைய நம்மூர் டிமாண்ட் டிராஃப்ட் மாதிரி. வங்கியே தன் பெயரில் கொடுப்பது. டிடி என்றால் காசு நிச்சயம் என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு இதன் மேல் சந்தேகமே வராது. செக்கை வங்கியில் போடுகிறார். மறுநாளே ஆப்பில் 12,500 டாலர் தெரிகிறது. நிம்மதியாக 3,300 டாலரை ஏஜென்ட்டுக்கு அனுப்புகிறார்.

சில நாள் கழித்து, சில சமயம் சில வாரம் கழித்து, வங்கியிடமிருந்து தகவல் வரும்: செக் போலி. 12,500 டாலரையும் வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். ஏஜென்ட்டுக்குப் போன 3,300 டாலர் நம்மவரின் சொந்தப் பணம். அதற்குள் வண்டியையும் கொடுத்திருந்தால் அதுவும் போச்சு. கணக்கில் அவ்வளவு பணம் இல்லையென்றால் அது மைனஸில் போய், வங்கிக்கே கடன்காரர் ஆகிவிடுவார். ஊர் திரும்ப டிக்கெட் போட்டுவிட்ட மனிதருக்கு இது எப்பேர்ப்பட்ட அடி!

தெரிவது வேறு, வருவது வேறு

மறுநாளே தெரிந்த பணம் எப்படிப் பொய்யாகும்? இந்த மோசடியின் அச்சாணியே இதுதான்.

கேஷியர்ஸ் செக்கைக் கவுன்ட்டரில் போட்டால், குறிப்பிட்ட வரம்பு வரையிலான பணத்தைப் பொதுவாக அடுத்த வேலைநாளே எடுக்க விட வேண்டும் என்பது அமெரிக்க விதி. வாடிக்கையாளர் காத்திருக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால், செக்கைக் கொடுத்ததாகச் சொல்லப்படும் வங்கி அதைப் பார்த்து ‘ஆமாம், எங்களுடையதுதான்’ என்று ஏற்பது வேறு வேலை. அதற்கு நாள் பிடிக்கும். இடைப்பட்ட நாட்களில் உங்கள் கணக்கில் தெரிவது, வங்கி உங்களை நம்பி முன்கூட்டியே காட்டும் தொகை. செக் திரும்பினால் பொறுப்பு உங்கள் தலையில்.

மோசடிக்காரருக்கு வேண்டியது அந்தச் சில நாட்கள் மட்டுமே. “ஏஜென்ட் நாளைக்கே வர்றாரு, இன்னிக்கே பணம் போட்டுடுங்க” என்று அவர் விரட்டுவது அதற்காகத்தான்.

செக்கில் அச்சடித்திருக்கும் போன் நம்பருக்கு அழைத்துச் சரிபார்ப்பதில் பிரயோஜனமில்லை. செக்கே போலி என்றால் நம்பரும் அவர்களுடையதாகத்தான் இருக்கும். அந்த வங்கியின் சொந்த இணையதளத்தில் நம்பரை எடுத்து அழைக்க வேண்டும். அதைவிட நல்லது, வாங்குபவருடன் அவருடைய வங்கிக் கிளைக்கே போய், கண் முன்னால் செக் எழுதி வாங்குவது. வெளிநாட்டில் இருப்பவரால் இது முடியாதுதான். அப்படியானால் வங்கியிலிருந்து வங்கிக்கு வயர் டிரான்ஸ்ஃபர் செய்யட்டும். பணம் வந்ததும் உங்கள் கிளையில் ஒரே கேள்வி கேளுங்கள்: “இது வயரில் வந்ததா, செக்கில் வந்ததா? இதை இனி யாரும் திரும்ப எடுக்க முடியுமா?” பேலன்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது இது.

பேபாலில் அனுப்புகிறேன் என்பது இன்னொரு ரகம். பேபால் பெயரிலேயே மெயில் வரும்: “பணம் வந்துவிட்டது, ஷிப்பிங் கட்டணம் செலுத்திய ரசீதைக் காட்டினால் விடுவிப்போம்.” அது பேபால் அனுப்பியது அல்ல. மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், ஆப்பைத் திறந்து பாருங்கள். அங்கே ஒன்றுமே இருக்காது. நிஜமாகவே பேபாலில் பணம் வந்தாலும் சிக்கல் உண்டு. விற்பவருக்கு பேபால் தரும் பாதுகாப்பு மோட்டார் வாகனங்களுக்குப் பொருந்தாது. வாங்கியவர் 180 நாட்கள் வரை புகார் கிளப்பலாம். காருக்கு பேபால் வேண்டாம் என்பதே என் கட்சி.

சின்னச் சின்ன வலைகளும் உண்டு. “இந்தத் தளத்தில் உங்கள் காரின் ஹிஸ்டரி ரிப்போர்ட் வாங்கி அனுப்புங்கள்” என்று கேள்விப்படாத ஒரு தளத்தின் லிங்க் வரும். குறி உங்கள் கிரெடிட் கார்டு நம்பருக்கு. கார்ஃபேக்ஸ் போன்ற தெரிந்த தளத்தில் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், ஆள் மறைந்துவிடுவார். அதேபோல, “நீங்கள் நிஜமான ஆள்தானா என்று பார்க்கிறேன், வந்த கோடைச் சொல்லுங்கள்” என்றால், உங்கள் நம்பரை வைத்து அவர் கூகுள் வாய்ஸ் கணக்கு தொடங்குகிறார் என்று அர்த்தம்.

துபாய்க்குப் போகுமா மதுரை ஸ்விஃப்ட்?

அமெரிக்காவிலிருந்து பழைய கார்கள் வெளிநாடு போவது உண்மை. ஐக்கிய அரபு அமீரகம், ஜார்ஜியா, நைஜீரியா என்று கப்பல் கப்பலாகப் போகின்றன. ஆனால், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் கோபார்ட் போன்ற ஏல நிறுவனங்களில், விலை குறைவாகக் கிடைக்கும் வண்டிகளை மொத்தமாக எடுப்பவர்கள். நேரடியாக உங்களிடம் வந்தாலும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். கப்பலேற்ற குறைந்தது 72 மணி நேரம் முன்பே சுங்கத் துறையிடம் வண்டியின் டைட்டிலைக் காட்ட வேண்டும் என்பதால், உண்மையான ஏற்றுமதியாளரின் முதல் கேள்வியே ‘டைட்டில் கையில் இருக்கா, லோன் பாக்கி இருக்கா?’ என்பதாகத்தான் இருக்கும். ஷிப்பிங் செலவை அவரே பார்த்துக்கொள்வார். எந்த ஊர் வியாபாரியும் தன் லாரி வாடகையை விற்பவர் கையில் கொடுத்துவிட மாட்டார், இல்லையா?

இதே ஆட்டம் தமிழ்நாட்டுக்கும் வரும். செக்குக்குப் பதில் மொபைலில். மதுரையில் ஸ்விஃப்ட் விற்கும் ஒருவரிடம் “துபாய்க்குக் கொண்டுபோக வாங்குகிறேன்” என்று யாராவது கேட்டால், முதலில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று யோசியுங்கள். நம் வண்டிகளில் வலப்பக்கம், துபாயில் இடப்பக்கம். அதுவே பாதிக் கதையை உடைத்துவிடும்.

“நான் என்ஆர்ஐ, ஊரில் அப்பாவுக்கு வாங்கித் தருகிறேன்” என்பது இன்னும் நம்பும்படியான கதை. நிஜமாகவே அப்படி வாங்குபவர்கள் நிறைய பேர் உண்டு. அவர்கள் இந்தியாவில் உள்ள தங்கள் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து ரூபாயில் சாதாரணமாக அனுப்பிவிடுவார்கள். ஊரில் இருக்கும் உறவினர் வந்து வண்டியை ஓட்டிப் பார்ப்பார். மோசடிக்காரர் இதற்கு வர மாட்டார். அவருடைய ‘வெளிநாட்டுப் பணம்’ எங்கோ மாட்டிக்கொள்ளும். ரிசர்வ் வங்கி முத்திரையோடு மெயில் வரும்: “உங்கள் பெயரில் பவுண்டு வந்திருக்கிறது, கன்வெர்ஷன் கட்டணம் கட்டினால் விடுவிப்போம்.” ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குக் கணக்கே வைப்பதில்லை. இப்படிக் கட்டணமும் கேட்பதில்லை. இதை அந்த வங்கியே பலமுறை எச்சரித்திருக்கிறது.

அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று கியூஆர் கோடு வந்தால்? யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் உங்கள் பணம் போகும், அவ்வளவுதான். ‘தெரியாமல் கூடுதலாக 10,000 அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க’ என்று வரும் எஸ்எம்எஸ்ஸையும் நம்பாமல் பாஸ்புக்கைப் பாருங்கள். ரொக்கமாகத் தருகிறேன் என்பவரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் போட முடியும்.

விளம்பரத்தில் நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள். ஆர்சி, ஆதார் படங்களை ஆள் யாரென்று தெரியாமல் வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். அதே படங்களை வைத்து, ‘நான்தான் ஓனர்’ என்று உங்கள் காரை இன்னொருவரிடம் விற்று அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள்.

சாவி கொடுத்தால் கதை முடிந்ததா?

இல்லை. பலர் கோட்டைவிடும் இடம் இது. “ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து போட்டுக் குடுங்க சார், நாங்க பாத்துக்கிறோம்” என்று புரோக்கர் சொல்ல, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் 2007-லேயே விற்கப்பட்ட கார், கைமாறிக் கைமாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. பெயர் மாற்றம் நடக்கவே இல்லை. இழப்பீட்டுப் பொறுப்பு முதலில் விற்றவர் மீதே விழுந்தது. கண்ணால் பார்க்காத ஆளுக்கு, எங்கே போகிறது என்றே தெரியாத வண்டியைக் கொடுப்பவர் இதை யோசிக்க வேண்டும்.

விற்ற 14 நாளுக்குள், வாங்குபவர் வேறு மாநிலத்தவர் என்றால் 45 நாளுக்குள், ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்பவரின் கடமை. பெயர் மாறிவிட்டதா என்று எம்பரிவாகன் ஆப்பில் பாருங்கள். ஃபாஸ்டேக்கை குளோஸ் செய்யாவிட்டால், எவரோ கடக்கும் டோல்கேட்டுக்கு உங்கள் கணக்கில் பணம் போகும். டெக்சாஸில் விற்பவர்கள் நம்பர் பிளேட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, 30 நாளுக்குள் வாகனத் துறைக்கு விற்பனைத் தகவலைக் கொடுத்துவிட வேண்டும். முடிந்தால் வாங்குபவருடனேயே கவுன்ட்டி டாக்ஸ் ஆபீஸுக்குப் போய், டைட்டிலை மாற்றிவிட்டு வருவது இன்னும் நல்லது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், இந்தியாவில் உடனே 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன்பே முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் முதல் போன் உங்கள் வங்கிக்கு. பிறகு எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையமான ஐசி3. அதற்குப் பிறகு சில வாரங்களில் ஒரு போன் வரலாம்: “நீங்கள் ஏமாந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், ஒரு சின்ன ஃபீஸ் மட்டும் கட்டுங்கள்.” ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்து அடுத்த சுற்றுக்கு வருகிறார்கள். அந்த போனை உடனே வைத்துவிடுங்கள்.