விளம்பர உத்தி: படிக்க வேண்டிய நூல்களும் படிக்கும் முறையும்

பண்டத்தை ஆக்குவது ஒரு தொழில். ஆக்கிய பண்டத்தை மக்கள் அறியச் செய்வது மற்றொரு தொழில். இரண்டும் தமிழர்க்குப் பழையவை. பூம்புகாரின் வீதிகளிலும் துறையிலும் பறந்த பலவகைக் கொடிகளைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. கள் விற்கும் இடத்திற்கு ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்க்கு ஒரு கொடி என அவை நின்றன. எழுத்தறியாதவனும் கொடியைக் கண்டு இடத்தை அறிந்துகொள்ளலாம்.

அக்கொடியின் வேலையை இன்று செய்தித்தாளும் வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் செய்கின்றன. யாரிடம், எதை, எப்போது, எவ்வாறு சொல்வது என்று முன்கூட்டியே ஆராய்ந்து முடிவு செய்யும் பணிக்கு விளம்பர உத்தி என்று பெயர். படம் எடுப்போரும் வாசகம் எழுதுவோரும் அம்முடிவை அடிப்படையாகக் கொண்டே தம் வேலையைத் தொடங்குகின்றனர்.

சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டமாக இருந்தது. 1970-களில் அங்கே நகராக்கம் தொடங்கியது. 2020-இல் அது மாநகர்த் தகுதி பெற்றது. தோட்டம் இருந்த அம்மண்ணில் இன்று தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நிற்கின்றன. தொடர்பியலும் விளம்பரமும் அங்கே பயிலலாம். எனினும் எஸ்.பி.எம். தேறிய பிள்ளை, "விளம்பரம் படிக்கப் போகிறேன்" என்றால் பெற்றோர் தயங்குவது இயல்பே. மருத்துவமும் சட்டமும் அவர்கள் அறிந்த பாதைகள். இஃது அறியாத பாதை. கட்டணமோ பெரிது. பி.டி.பி.டி.என். கடன் வாங்கினால் ஆண்டுக்கணக்கில் திருப்பிச் செலுத்தவேண்டும். ஆகவே, பணம் கட்டுமுன் சில நூல்களைப் படித்துப் பார்ப்பது அறிவுடைமை. துறை பிள்ளைக்கு ஒத்துவருமா, பிள்ளை துறைக்கு ஒத்துவருமா என்பதை அந்நூல்களே காட்டிவிடும்.

முதற்படி: தொழிலின் அடிப்படை

முதலில் படிக்கத்தக்கது அமெரிக்கரான கிளாட் ஹாப்கின்ஸ் 1923-இல் வெளியிட்ட 'சயன்டிபிக் அட்வர்டைசிங்' என்னும் சிறு நூல். விளம்பரம் என்பது அச்சில் நின்று பேசும் விற்பனையாளன் என்பது அவர் கொள்கை. விளம்பரத்தோடு கூப்பன் அச்சிட்டு, எந்த விளம்பரத்திற்கு எத்தனை கூப்பன் திரும்பி வந்தன என்று எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை சொன்னதை அவர் ஏற்றார். தம் விருப்பு வெறுப்பை ஒதுக்கி வைத்தார். நூறாண்டு கழிந்தும் அப்பாடம் பழுதாகவில்லை.

அடுத்தது டேவிட் ஓகில்வி 1963-இல் எழுதிய 'கன்பெஷன்ஸ் ஆப் அன் அட்வர்டைசிங் மேன்'. பாரிஸ் விடுதியொன்றில் சமையற்காரராகவும், ஸ்காட்லாந்தில் வீடு வீடாக அடுப்பு விற்பவராகவும், பின்னர் காலப் கருத்தாய்வு நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராகவும் இருந்து, 1948-இல் நியூயார்க்கில் தம் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். ஹாப்கின்ஸின் நூலை ஏழு முறை படிக்காதவன் விளம்பரத்தைத் தொடவே கூடாது என்பது அவர் கருத்து. வாங்குவோரை அறிவற்றவராக எண்ணாதே என்பதே அவர் நூலின் சாரம்.

இரண்டாம் படி: கேட்கும் கலை

உத்தி வகுப்பது ஒரு தனிப் பணியாக 1968-ஆம் ஆண்டளவில் இலண்டனில் உருவாயிற்று. ஸ்டீபன் கிங், ஸ்டான்லி பொல்லிட் ஆகிய இருவரும் வெவ்வேறு நிறுவனங்களில் இருந்துகொண்டே இதனை அமைத்தனர். நுகர்வோரின் குரலை நிறுவனத்திற்குள் கொண்டு வருபவரே இப்பணியாளர். இப்பணியைத் தெளிவாக விளக்கும் நூல் ஜான் ஸ்டீல் 1998-இல் வெளியிட்ட 'ட்ரூத், லைஸ் அண்ட் அட்வர்டைசிங்'.

அந்நூல் கூறும் பால் விளம்பரக் கதை கருதத்தக்கது. 1993-இல் கலிபோர்னியாவில் பால் விற்பனை குறைந்து வந்தது. பால் உடலுக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லிப் பயனில்லை. அதனை அறியாதவர் எவருமில்லை. ஆராய்ச்சியாளர் சிலரை ஒரு வாரம் பாலின்றி இருக்கச் செய்து, பின் அவர்களிடம் பேச்சுக் கொடுத்தனர். கையில் பிஸ்கட் இருக்கிறது, குளிர்ப்பெட்டியில் பால் தீர்ந்துவிட்டது என்னும் அந்த நொடியில்தான் பாலின் அருமை தெரிகிறது என்று வெளிப்பட்டது. பாலின் பெருமையைப் பாடாமல், பால் இல்லாத தவிப்பைக் காட்டின விளம்பரங்கள். அவை புகழ்பெற்றன. மக்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டவர்க்குக் கிடைத்த பொருள் அது.

இதனோடு சேர்த்து ஜேம்ஸ் வெப் யங் எழுதிய 'எ டெக்னிக் பார் ப்ரொட்யூசிங் ஐடியாஸ்' என்னும் கையடக்க நூலையும் படிக்கலாம். பழைய செய்திகள் புதுவிதமாகச் சேர்வதே புதுக் கருத்து என்கிறார் அவர். அங்ஙனமாயின், சேர்ப்பதற்குப் பல செய்திகள் மனத்தில் இருக்கவேண்டும். பரந்த படிப்பு ஏன் தேவை என்பதற்கு இதுவே விடை.

மூன்றாம் படி: மாறுபடும் கருத்துகள்

ஆல் ரீஸும் ஜாக் ட்ரவுட்டும் 1981-இல் வெளியிட்ட 'பொசிஷனிங்', வாங்குவோர் மனத்தில் ஒரு பண்டம் தனக்கென ஓர் இடம் பிடித்தாக வேண்டும் என்கிறது. 2010-இல் பைரன் ஷார்ப் எழுதிய 'ஹவ் பிராண்ட்ஸ் க்ரோ' வேறொரு வழியில் செல்கிறது. எப்போதேனும் வாங்குவோர் பலரை அடைந்தாலன்றி எந்தப் பெயரும் வளராது. பொருள் எளிதில் நினைவுக்கு வரவேண்டும், எளிதில் கைக்குக் கிடைக்கவேண்டும் என்கிறார் அவர். லெஸ் பினெட், பீட்டர் பீல்டு ஆகியோரின் 'தி லாங் அண்ட் தி ஷார்ட் ஆப் இட்' (2013), உடனடி விற்பனைக்கும் நெடுநாள் நற்பெயருக்கும் செலவைப் பங்கிடும் முறையை ஆராய்கிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் படித்தவர் அதனையே வேதமாகக் கொள்வர். மூன்றையும் படித்தவர் ஆராயத் தொடங்குவர்.

நம்மருகே உள்ள பாடங்கள்

மேல்நாட்டு நூல்கள் மட்டும் போதா. கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு ஒரு சிறந்த பாடம். சிறு பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் முறையை அவர் தந்தையார் சின்னி கிருஷ்ணன் முன்பே கண்டிருந்தார். மகன் சிற்றூர்களுக்கு ஆட்களை அனுப்பி, சிறுவர் தலையில் ஷாம்பு தேய்த்துக் காட்டச் செய்தார். எந்த நிறுவனத்தின் வெறும் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். பழகிய பின்னர், சிக் பாக்கெட்டுக்கே மாற்று உண்டு என்று திட்டத்தைத் திருத்தினார். கையில் சில்லறை மட்டுமே உள்ள குடும்பத்தின் வாழ்க்கையை அறிந்தவர்க்கே இவ்வுத்தி தோன்றும்.

இந்தியாவின் பியூஷ் பாண்டே 2015-இல் வெளியிட்ட 'பாண்டேமோனியம்' என்னும் நூலும் இவ்வகையினது. தெருவிலும் குடும்பத்திலும் கண்டவையே தம் விளம்பரங்களுக்கு ஊற்று என்று அவர் காட்டுகிறார்.

மலேசியாவில் யாஸ்மின் அகமது பெயர் மறக்கற்பாலதன்று. இங்கிலாந்தில் அரசியலும் உளவியலும் பயின்ற அவர், லியோ பர்னட் நிறுவனத்தின் கோலாலம்பூர்க் கிளையில் பணியாற்றி, பெட்ரோனாஸுக்காகப் பெருநாள், தீபாவளி, தேசிய நாள் விளம்பரங்களை ஆக்கினார், 2009-இல் மறைந்தார். 2007-ஆம் ஆண்டுத் தேசிய நாள் விளம்பரத்தில் ஒரு சீனச் சிறுவன், உடன் பயிலும் மலாய்ச் சிறுமியின்பால் தனக்குள்ள அன்பை வெள்ளையுள்ளத்தோடு சொல்கிறான். எண்ணெயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த ஆண்டு கான் விளம்பர விழாவில் அது தங்கப் பரிசு பெற்றது.

இந்நாட்டில் இந்தியர் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவரே. ஆகவே, தம்மினத்தாரை மட்டும் அறிந்தவர் இத்தொழிலில் நெடுந்தூரம் செல்லல் அரிது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளைக்கோ மூன்று வீடுகளின் கதவும் திறந்திருக்கிறது. அம்மொழிகளை மதிப்பெண்ணுக்காக மட்டும் படியாமல் மனிதரை அறியவும் படித்தால், அதுவே அப்பிள்ளையின் முதலாகும்.

படிக்கும் முறை

ஒவ்வொரு நூலையும் முடித்தபின் ஒரு பயிற்சி செய்யவேண்டும். தீபாவளிக்கு முன் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கடையருகே ஒரு மணி நேரம் நின்று, யார் வருகிறார், எதைக் கையில் எடுக்கிறார், எதைத் திரும்ப வைக்கிறார் என்று குறித்துக்கொள்ளலாம். பின்னர் அக்கடைக்கு ஒரு விளம்பரத் திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதவேண்டும். யாருக்காக, அவர் மனத்தடை யாது, அதனை நீக்கும் உண்மை எது என்னும் மூன்றுக்கும் விடை அதில் இருந்தால் போதும். இவ்வாறு எழுதிய பத்துப் பக்கங்கள் வேலைக்கான நேர்காணலில் சான்றிதழுக்குத் துணை நிற்கும். அவற்றை எழுதும்போதே சலிப்புத் தட்டினால், பெருங்கட்டணம் கட்டுமுன்னே உண்மை தெரிந்தது என்று மகிழலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வான்ஸ் பக்கார்டு 1957-இல் எழுதிய 'தி ஹிடன் பர்சுவேடர்ஸ்', உளவியலைக் கொண்டு மக்கள் அறியாமலே அவர்களை வசப்படுத்தும் முயற்சிகளைச் சாடியது. மனிதர் அவசர முடிவுகளில் எங்ஙனம் தவறுகின்றனர் என்பதை டேனியல் கானமன் 2011-இல் 'திங்கிங், பாஸ்ட் அண்ட் ஸ்லோ'வில் விளக்கினார். மனிதரின் தளர்ச்சியை அறிந்தவர் அதனைக் கொண்டு ஏழையின் கூலியைப் பறிக்கவும் முடியும், அவருக்குப் பயன்படும் பொருளை அறிமுகம் செய்யவும் முடியும். எதனைச் செய்வது என்பதைத் தொழிலுக்குள் நுழையுமுன்பே முடிவு செய்துகொள்ளவேண்டும்.

வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், அவையறிதலுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். பேச வல்லவர் பலர். கேட்போரை அறிந்து பேசுவோர் சிலர். விளம்பர உத்தி அச்சிலர்க்கு உரிய தொழில். அதனைப் பயில விழையும் மாணவர் இந்நூல்களுள் ஒன்றை இவ்வாரமே கையில் எடுப்பாராக.