இழுப்புக் கட்டில் வாங்குவோர் கவனத்திற்கு

நகரத்து அடுக்குமாடி வீடுகளில் விருந்தினருக்கென்று ஒதுக்கப்படும் அறை பெரும்பாலும் பத்தடிக்கு எட்டடியைத் தாண்டாதிருக்க, ஊரிலிருந்து வருகிறவர்களோ குழந்தை குட்டிகளோடு வருகிறபடியால், பகலில் திவானாக உட்காரவும் இரவில் அடியிலிருந்து இன்னொரு கட்டிலை இழுத்துப் போட்டுக்கொள்ளவும் சௌகரியமுள்ள இழுப்புக் கட்டிலை, கடைக்காரர்கள் டிரண்டில் என்று விற்கிற அந்த வஸ்துவை, மத்தியதரக் குடும்பங்கள் நாடுவது நியாயமே. ஆனால் இதை வாங்குகிறவர் ஒருவர், இதில் படுக்கிறவர் வேறொருவர். முதுகு வலித்தாலும் விரல் நசுங்கினாலும் நன்றாகத் தூங்கினோம் என்று சொல்லி விடைபெறுவதே விருந்தினரின் மரியாதை. ஆகையால் குறைகளை முன்கூட்டியே கண்டறிகிற பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரரையே சார்ந்தது.

அளவும் தேர்வும்

கடையில் இக்கட்டிலை மூடிய நிலையில் காட்டுவார்கள்; வாங்குகிறவரோ இழுத்த நிலையில் வைத்தே அதை மதிப்பிட வேண்டும். மேல்கட்டில் மூன்றடி அகலமானால், அடிக்கட்டிலையும் இழுத்தபின் ஏறக்குறைய ஆறடி அடைபட்டு, எட்டடி அகல அறையில் இரண்டடிதான் எஞ்சும். அதற்குள் அறைக்கதவும் பீரோக் கதவும் தடையின்றித் திறக்குமா, நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுகிறவர் அடுத்தவரை மிதிக்காமல் வெளியேற வழியிருக்குமா என்பதைத் தரையில் சாக்பீஸால் கோடிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுக்கலாம்.

அடிக்கட்டில் மேல்கட்டிலின் கால்களுக்கிடையே நுழைய வேண்டியிருப்பதால் நீளத்தில் சற்றுக் குறைந்தே அமையும். அதன் மெத்தையும் நான்கு அல்லது ஐந்து அங்குலத்துக்கு மேல் தடிக்க இடமிராது. அத்தனை தாழ்வான படுக்கையிலிருந்து முழங்கால் நோயுள்ள பெரியவர்கள் எழுவது கஷ்டம். அவர்களுக்கு மேல்கட்டிலே உரியது.

மரத்தைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். ஈரத் துணியால் தினமும் துடைக்கப்படுகிற தரைக்கு மிக அருகில் அடிக்கட்டில் இருப்பதால், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நாளடைவில் ஊறிப் பிதுங்கி, திருகாணிகளைக் கைவிட்டுவிடும். ஒட்டுப்பலகையானால் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, பொது உபயோகத்துக்குரிய ஐ.எஸ். 303 என்ற எண்ணோ, நீரை அதிகம் தாங்கும் ஐ.எஸ். 710 என்ற எண்ணோ பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது உசிதம்.

அபாயங்கள்

குழந்தைகளின் விரல்கள் இரு கட்டில்களுக்கிடையே அகப்பட்டு நசுங்குவதே இதிலுள்ள முதல் அபாயம். வில்விசையால் மேலே எழும்பி நிற்கிற வகையில் இது இன்னும் அதிகம். சக்கரங்களுக்குப் பூட்டு இல்லையென்றால், வழவழப்பான டைல்ஸ் தரையில், உட்காரப் போகிறவரின் கீழிருந்து கட்டில் நழுவிவிடும். சுவர் ஓரத்துக் கைப்பேசிக் கம்பியின் மேல் சக்கரம் ஏறி ஏறி அதன் உறை கிழிவதும் உண்டு.

மாதக்கணக்கில் மூடியே கிடக்கும் மெத்தையில், கடலோரப் பட்டணங்களின் ஈரக்காற்றால் பூஞ்சை படியும். இதைத் தவிர்க்க, முழுப்பலகைக்குப் பதிலாக இடைவெளி விட்ட சட்டங்கள் பதித்த கட்டிலைத் தேர்ந்து, மாதமொருமுறை மெத்தையை வெளியே இழுத்துக் காற்றாட விடுவது நல்லது. மலிவான பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு கசிகிறது. 2004-ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றென வகைப்படுத்தியது. புதுக்கட்டிலில் நெடி கண்ணைக் கரித்தால், அது தணியும்வரை ஜன்னலைத் திறந்து வைத்து, யாரையும் அங்கே படுக்க வைக்காதிருப்பதே விவேகம்.

உரிமையும் பரிகாரமும்

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பணம் கொடுத்தவரை மட்டுமல்லாமல், அவருடைய சம்மதத்தோடு பொருளை உபயோகிப்பவரையும் நுகர்வோராகவே கொள்கிறது. அதாவது, கூச்சத்தால் வாய் திறவாத விருந்தினருக்கும் சட்டத்தில் இடமுண்டு. ரசீது தர மறுப்பதும், பழுதான பொருளை ரசீதில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிடில் முப்பது நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகமென்றே அச்சட்டம் கூறுவதால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பலகையின் வகை, இரு கட்டில்களின் அளவு, தாங்கும் எடை, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கியிருந்தால், நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தீராவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் பயனில்லையேல், நீங்கள் வசிக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிடில் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதுமில்லை.

வீட்டிலுள்ள பழைய திவானை ஆசாரியைக் கொண்டு மாற்றியமைப்பவர்கள், முன்பக்கப் பலகையை அறுத்தெடுத்தால் மேல்கட்டில் தன் தாங்கலை இழக்கும் என்பதை அறிந்து, அடியில் இரும்பு ஆங்கிள் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஆனால் கடையில் புதிதாக வாங்கிய கட்டிலில் இவ்விதம் கை வைப்பதற்கு முன் நிதானிப்பது அவசியம். விபத்து நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால், விற்றவர்மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடர இயலாதென்று அதே சட்டம் விதித்திருக்கிறது. ஆகவே, சக்கரப் பூட்டோ கூடுதல் சட்டமோ தேவையென்றால், அதைக் கடைக்காரரைக் கொண்டே செய்வித்து, அவ்வேலையையும் ரசீதில் சேர்த்தெழுதச் செய்த பின்பே மீதித் தொகையைக் கொடுங்கள்.