பவளத் தொட்டிகளில் நன்மை செய்யும் பாக்டீரியாவும் கரிமம் ஊட்டலும்

கரிமம் ஊட்டல் என்பது பவளங்களும் கடல்மீன்களும் வளர்க்கப்படும் கடல்நீர்த் தொட்டியில் எத்தனால், அசிட்டிக் அமிலம், சர்க்கரை போன்ற எளிதில் கரையும் கரிமச் சேர்மம் ஒன்றை நாள்தோறும் மிகச் சிறிய அளவில் சேர்த்து, அங்குள்ள பாக்டீரியாக்களைப் பெருகச் செய்யும் முறையாகும். பெருகும் பாக்டீரியாக்கள் தம் உடலைக் கட்டிக்கொள்ள நீரிலுள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எடுத்துக்கொள்கின்றன. வளர்ப்போர் இதனை 'கார்பன் டோசிங்' என்றே குறிப்பிடுவர். செலவு மிகக் குறைந்த முறை இது. அளவு தவறினால் ஓரிரவில் தொட்டி முழுவதையும் கொல்லக்கூடிய முறையும் இதுவே.

தேவை ஏன்?

பவளப்பாறைகளைச் சுற்றியுள்ள மேற்பரப்புக் கடல்நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவு. தொட்டியின் நிலை வேறு. தினமும் மீன் உணவு உள்ளே போகிறது; அதிலுள்ள நைட்ரசனும் பாஸ்பரசும் வெளியேற வழி இல்லை. சில மாதங்களில் நைட்ரேட் 30 அல்லது 50 பிபிஎம் என்று ஏறி நிற்கும். அப்போது கண்ணாடியிலும் பாறையிலும் பாசி படரும். பவளத் திசுவுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிகளான சூசாந்தெல்லே அளவுக்கு மீறிப் பெருகுவதால், நீலமும் ஊதாவுமாக இருந்த பவளம் பழுப்பாக மாறும். தண்ணீரை மாற்றினால் குறையும்தான். ஆனால் 50 பிபிஎம் நைட்ரேட்டை 5 பிபிஎம் ஆக்க வேண்டுமானால் தொட்டி நீரில் பத்தில் ஒன்பது பங்கை மாற்ற வேண்டும். கடல் உப்பின் விலையை அறிந்தவர்கள் வேறு வழி தேடியதில் வியப்பில்லை.

இரண்டு வகைப் பாக்டீரியாக்கள்

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. தொட்டியில் 'நல்ல பாக்டீரியா' என்று பொதுவாகச் சொல்லப்படுபவை உண்மையில் இரு வேறு கூட்டங்கள்.

முதல் கூட்டம் நைட்ரசனேற்றம் செய்பவை. மீன் வெளியேற்றும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் இவை மாற்றுகின்றன. தமக்குத் தேவையான கரிமத்தை நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்தே பெறுகின்றன. இத்தகைய வாழ்க்கைமுறையை 1890ஆம் ஆண்டையொட்டி நிறுவியவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராத்ஸ்கி. மீன்தொட்டிகளில் இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று நூல்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. 1998இல் வெளியான ஆய்வு, நன்னீர் மீன்தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டியது. அம்மோனியாவை மாற்றுவது பாக்டீரியா மட்டுமல்ல என்பதும் ஒரு மீன்தொட்டியிலிருந்தே தெரியவந்தது. 2005இல் விவரிக்கப்பட்ட நைட்ரோசோபியூமிலஸ் மாரிட்டிமஸ் என்னும் ஆர்க்கியா நுண்ணுயிரி, சியாட்டில் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தின் வெப்பமண்டலத் தொட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

இரண்டாம் கூட்டம் பிற உயிர்கள் உண்டாக்கிய கரிமச் சேர்மங்களை உண்டு வாழ்பவை. கரிமம் ஊட்டலால் பயன்பெறுபவை இவை மட்டுமே. முதல் கூட்டத்துக்கு வோட்காவாலோ வினிகராலோ எந்தப் பயனும் இல்லை. மாறாக, வேகமாகப் பெருகும் இரண்டாம் கூட்டம் அம்மோனியாவுக்கும் ஆக்சிசனுக்கும் இடத்துக்கும் முதல் கூட்டத்தோடு போட்டியிடும். ஆகவே புதிதாக அமைத்த தொட்டியில் அம்மோனியா இன்னும் தெரியும்போதே கரிமம் சேர்ப்பது தவறான தொடக்கம்.

செயல்படும் விதம்

கடல் மிதவை உயிரிகளில் கரிமம், நைட்ரசன், பாஸ்பரஸ் மூன்றும் அணு எண்ணிக்கையில் ஏறக்குறைய 106:16:1 என்ற விகிதத்தில் உள்ளன. ஆல்பிரட் ரெட்ஃபீல்டின் பெயரால் வழங்கும் விகிதம் இது. பாக்டீரியாவின் உடலில் நைட்ரசனும் பாஸ்பரசும் இதைவிடச் சற்று அதிகம் என்றாலும், கணக்குப் போட இது போதும். தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுதியாக இருக்க, எளிதில் உண்ணத்தக்க கரிமம் மட்டும் குறைவாக இருக்கிறது. அந்தக் குறையைப் போக்கினால் மற்ற இரண்டும் உண்ணப்படும்.

உருவான பாக்டீரியாக்களில் ஒரு பகுதியைப் புரோட்டீன் ஸ்கிம்மர் நுரையோடு வெளியேற்றுகிறது. ஒரு பகுதியைக் கடற்பஞ்சுகளும் பவளங்களும் உண்கின்றன. ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் பாக்டீரியா அங்கேயே இறந்து, எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். அத்தகைய தொட்டியில் இம்முறையை முயல வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு. பாறையின் உட்புறம், மணலின் அடிப்பகுதி போன்ற ஆக்சிசன் குறைந்த இடங்களில் சில பாக்டீரியாக்கள் ஆக்சிசனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அதன் நைட்ரசன் வாயுவாக மாறிக் காற்றில் கலந்துவிடும். இவ்வழியில் பாஸ்பேட் குறைவதில்லை.

நைட்ரேட் இறங்கினாலும் பாஸ்பேட் ஏன் அப்படியே நிற்கிறது என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. எடைக் கணக்கில் பார்த்தால், ரெட்ஃபீல்டு விகிதப்படி 1 பிபிஎம் பாஸ்பேட் எடுக்கப்படும்போது சுமார் 10 பிபிஎம் நைட்ரேட்டும் எடுக்கப்படும். நைட்ரேட் 10, பாஸ்பேட் 2 என்றுள்ள தொட்டியில் நைட்ரேட் தீர்ந்துபோன பின்பும் பாஸ்பேட் 1 மீதம் இருக்கும். அதற்கு இரும்பு ஆக்சைடு துகள்தான் பயன்படும். மேலும் மேலும் கரிமம் ஊற்றுவதில் பலனில்லை.

எதைச் சேர்ப்பது?

வோட்காவும் வினிகரும் பரவலானவை. 40 விழுக்காட்டு வோட்கா 1 மில்லியில் 0.32 கிராம் எத்தனால் உண்டு. அதிலுள்ள கரிமத்துக்கு ஈடாக 5 விழுக்காட்டு வினிகர் சுமார் 8 மில்லி வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் செயற்கை வினிகர் பல 4 விழுக்காட்டை ஒட்டியவை. அப்படியானால் 10 மில்லி. புட்டியில் அச்சிட்டுள்ள அளவைப் பார்த்துக்கொள்க. நிறமோ மணமோ சேர்த்தவை, மருத்துவத்துக்கான ஸ்பிரிட், கைகழுவும் திரவம் ஆகியவை கூடவே கூடாது. இரண்டில் வினிகரே தொடங்குவோருக்கு ஏற்றது: அளவிடுவதில் சிறு பிழை நேர்ந்தாலும் அதன் விளைவு எட்டில் ஒரு பங்குதான்.

பாக்டீரியாக்கள் மெல்லச் சிதைத்து உண்ணும் உயிர்நெகிழி மணிகளை ஒரு குழாய்க்கலத்தில் இட்டு நீரைச் செலுத்துவது மூன்றாவது வழி. தினமும் அளந்து ஊற்றும் வேலை இல்லை. அளவைக் கட்டுப்படுத்துவதும் எளிதல்ல.

அளவு

வளர்ப்போரிடையே வழங்கும் வோட்கா அட்டவணையில் 100 லிட்டருக்கு முதல் 3 நாள் 0.1 மில்லி, அடுத்த 4 நாள் 0.2 மில்லி, பிறகு வாரம் ஒருமுறை மட்டும் சிறிது கூட்டல். நைட்ரேட் இறங்கத் தொடங்கியதும் கூட்டுவதை நிறுத்த வேண்டும். விரும்பிய அளவை அடைந்ததும் பாதியாகக் குறைத்து, அதனையே தொடரலாம். முதல் சில வாரங்கள் எதுவும் நடக்காதது போலவே இருக்கும். பொறுமையிழந்து இரட்டிப்பாக்குவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆபத்துகள்

ஆக்சிசன் முதலில். 26 பாகை வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு 6.6 மில்லிகிராம் அளவே ஆக்சிசனைத் தாங்கும். 100 லிட்டரில் 0.66 கிராம். 1 மில்லி வோட்காவிலுள்ள எத்தனால் முழுவதும் எரிய வேண்டுமானால் தேவைப்படும் ஆக்சிசனும் ஏறக்குறைய அதே 0.66 கிராம்தான். ஒரு தேக்கரண்டி 5 மில்லி என்பதை நினைத்தால் பயம் புரியும். நடைமுறையில் ஒரு பகுதி பாக்டீரியாவின் உடலாகிறது, நீர்ப்பரப்பு வழியே புதிய ஆக்சிசனும் வருகிறது. அதனால்தான் சிறு அளவு தீங்கு செய்வதில்லை. நீர் பால்போல் கலங்கி, மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், ஊட்டலை உடனே நிறுத்திக் காற்றுக்கல்லை ஓடவிட வேண்டும். காலையில், விளக்கு எரியும் நேரத்தில் சேர்ப்பதே நல்லது. மின்வெட்டு நாளில் சேர்க்கவே கூடாது. ஸ்கிம்மர் நின்றுவிட்டால் காற்றும் நின்றுவிடுகிறது.

இரண்டாவது, பவளத்துக்கே நேரும் கேடு. 2006இல் டேவிட் கிளைன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நைட்ரேட், பாஸ்பேட், அம்மோனியா சேர்த்தபோது பெரிதாகச் சாகாத கரீபியன் பவளங்கள், கரைந்த கரிமச் சேர்மம் கூடியபோது செத்தன. பவளத்தின் மேலுள்ள சளிப்படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பத்து மடங்கு வேகத்தில் பெருகியதையும் அவர்கள் கண்டனர். சர்க்கரை ஊட்டுவதைத் தவிர்க்கச் சொல்ல இது எனக்குப் போதுமான காரணம்.

மூன்றாவது, அளவுக்கு மீறிய தூய்மை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சோதனையில் பூச்சியமானால் பவளம் வெளிறும். பாசி விட்டுச்சென்ற இடத்தில் டைனோபிளாஜெல்லேட்டுகள் பழுப்புச் சளியாகப் படரும். பாஸ்பேட் மட்டும் தீர்ந்து நைட்ரேட் மிஞ்சுவது இன்னும் கெடுதி. அத்தகைய சமநிலைக்குலைவு பவளம் வெளுப்பதற்கு வழிவகுக்கும் என்று 2013இல் யோர்க் வீடன்மன் குழுவினர் காட்டினர். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்று வைத்துக்கொள்வது பலருக்கும் ஒத்துவருகிறது.

புட்டியில் விற்கும் பாக்டீரியா

நைட்ரசனேற்றம் செய்பவை வித்து உண்டாக்குவதில்லை. அதனால் வெயிலில் கிடந்த, நாட்பட்ட புட்டியில் உயிருள்ளவை குறைவாகவே இருக்கும். பேசில்லஸ் வகை வித்தாக நெடுநாள் தாங்கும். ஆனால் அது இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தது. வாங்குமுன் எந்த வகை என்று பார்ப்பது அவசியம்.

நுண்ணுயிர் நிறைந்த கடற்பாறையை இட்டால் புட்டியே தேவையில்லை என்பார்கள். இந்தியாவில் அதற்கு வழியில்லை: கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை, மன்னார் வளைகுடாவிலிருந்து பவளம் எடுப்பது குற்றம். ஆகவே உலர்ந்த பாறையோ சுட்ட பீங்கான் துண்டோ வைத்து, புட்டிப் பாக்டீரியாவை ஊற்றி, 2 பிபிஎம் அளவுக்கு அம்மோனியா சேர்த்துச் சோதிக்கலாம். அந்த அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூச்சியமானால் முதல் கூட்டம் குடியேறிவிட்டது. முதல் மீன் அதற்குப் பிறகு. கரிமம் ஊட்டல் அதற்கும் பல வாரங்கள் கழித்து, நைட்ரேட் உண்மையிலேயே ஏறியிருந்தால் மட்டும்.