இன்னும் பிறக்காத இடிமுகில்

சென்ற ஒக்டோபரில் உம்றா முடித்துத் திரும்பும் உம்மாவை அழைத்துவரக் கட்டுநாயக்கவுக்குப் போயிருந்தோம். அந்திக்கு இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. வானத்தில் வட்டமிட்டுப் பார்த்த விமானம் கடைசியில் மத்தளைக்குத் திருப்பப்பட்டது. "இடி வாறது முந்தியே தெரியாதா வாப்பா? தெரிஞ்சா ஏன் ஜித்தாவில இருந்து ஏத்தினாங்க?" என்றான் மகன். தமிழ் படிப்பிக்கிற எனக்குப் பதில் வரவில்லை. பிறகு தேடி வாசித்தேன்.

தனியொரு இடிமுகிலின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஜித்தாவிலிருந்து இங்கு வரவோ ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஆகவே விமானம் கிளம்பும்போது அதை வழிமறிக்கப்போகும் முகில் பிறந்தே இராது. ராடர் உள்ளதைத்தான் காட்டும். சோற்றுப்பானை கொதிக்கப்போகிறது என்று சொல்லலாம். முதற்குமிழி எந்த இடத்தில் வெடிக்கும் என்று யார் சொல்வது?

மேலால் தாண்டிப் போகலாமே என்றால், பயணிகள் விமானம் பறப்பது 10, 12 கிலோமீற்றர் உயரத்தில். நமது வலயத்து இடிமுகிலின் தலை 15 கிலோமீற்றரையும் கடக்கும். கீழால் நுழைவது அதைவிட ஆபத்து. 1985 ஓகஸ்ட் 2ஆம் திகதி அமெரிக்காவின் டலஸ் நகரில், இடிமுகிலிலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்த காற்றில் சிக்கி ஒரு விமானம் தரையிறங்குமுன் விழுந்தது. 137 பேர் மௌத்தானார்கள்.

ஆயிரக்கணக்கான விமானங்கள் ஒரே நேரத்தில் பறக்கும் அமெரிக்காவில் இது பெருந்தலையிடி. சில விமானக் கம்பனிகளுக்குச் சொந்த வானிலையாளர். அரசுக்கு வேறு ஆட்கள். ஒருவர் வழி திறந்திருக்கும் என்பார், மற்றவர் அடைபடும் என்பார். 1990களின் இறுதியில் அதற்கொரு வழி கண்டார்கள். கன்சாஸ் சிட்டியில் உள்ள விமான வானிலை நிலையம் இரண்டு மணிக்கொருதரம், அடுத்த 2, 4, 6 மணி நேரங்களுக்கான வரைபடத்தைக் கீறும். கம்பனிகளின் வானிலையாளர், கட்டுப்பாட்டு நிலையங்களில் இருப்போர், கனடாக்காரர் எல்லோரும் அதைப் பார்த்துத் தர்க்கிப்பார்கள். திருத்திய ஒரே படத்தை முன்வைத்து, வேர்ஜீனியாவிலுள்ள கட்டளை நிலையம் தொலைபேசியில் எல்லோரோடும் திட்டம் பேசும். நம்மூர்ப் பள்ளிவாசல் மஷூராதான். என்ன, அங்கே குறித்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்!

அந்தப் படம் இந்த முகில், அந்த முகில் என்று பேசாது. ஒரு பரப்பைக் கீறி, அதில் குறைந்தது கால்பங்கையாவது இடிமுகில் பிடிக்கும், முகிற்றலை இவ்வளவு உயரம் போகும் என்று சொல்லும். கூடவே, கணிப்பவரின் நம்பிக்கை அதிகமா குறைவா என்பதையும் எழுதும். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிக் குறிப்பு. "நம்பிக்கை குறைவு" என்று ஓர் அரச ஆவணம் தன்னைப்பற்றித் தானே எழுதுவதை வேறெங்கு காண்போம்?

அந்தக் குறிப்பை வைத்துத்தான் லொஸ் ஏஞ்சல்ஸில் நிற்கும் நியூயோர்க் விமானத்தைத் தரையில் பிடித்துவைப்பதா, சுற்றுவழியில் விடுவதா என்று தீர்மானிக்க வேண்டும். பிடித்துவைத்து இடி வராவிட்டால் வானம் வெறுமையாய்க் கிடக்கும், சனம் விமானநிலையத்தில் படுத்துறங்கும். விட்டபின் இடி வந்தாலோ பல விமானங்கள் ஒன்றாக வட்டமிட்டு எரிபொருள் கரைக்கும். இன்று அந்த எதிர்வுகூறல் 4, 6, 8 மணி நேரங்களுக்குத் தரப்படுகிறது. முதற்படத்தைக் கணினி கீறிக் கொடுக்க, மனிதர் திருத்துகிறார்கள்.

ஒக்டோபர் நமக்கு இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். பின்னேரத்தில் இடி வரலாம் என்பது யாருக்கும் தெரிந்ததே. எந்த மணிக்கு, ஓடுபாதைக்கு நேரே வருமா என்பதுதான் தெரியாது. அதனால்தான் இறங்க முடியாவிட்டால் இன்னொரு விமானநிலையத்துக்குப் போகவும் போதுமான எரிபொருளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். "தெரிஞ்சுதான் மகன் ஏத்தினாங்க, மத்தளைக்கும் சேர்த்து எண்ணெய் அடிச்சித்தான்" என்று பிறகு அவனிடம் சொன்னேன். அன்று உம்மா வீடு வந்து சேர்ந்தபோது சுபஹு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது.