ஆட்டம் கற்றுத்தருவது எதை?

கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பயன்பட்ட விளையாட்டு, பார்த்தால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிமையானது. ஒரே வரிசையில் பத்துக் கட்டங்கள், அவற்றில் ஒன்று முதல் பத்து வரை எண்கள். ஒன்று, இரண்டு என்று மட்டும் காட்டும் ஒரு சுழல்முள். முள்ளைச் சுற்றிவிட்டு, வந்த எண்ணுக்குக் காயை நகர்த்த வேண்டும். முதலில் பத்தைத் தொட்டவருக்கு வெற்றி. பாம்பு இல்லை, ஏணி இல்லை, வெட்டும் இல்லை. அமெரிக்காவில் வருமானம் குறைந்த வீடுகளிலிருந்து அரசு உதவி பெறும் பாலர் மையங்களுக்கு வரும் 124 குழந்தைகள் ஆய்வில் கலந்துகொண்டார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, முறைக்குக் கால் மணி நேரம் போல ஆடினார்கள். மொத்தமாகக் கூட்டினாலும் ஒரு மணி நேரம்தான். ஆனால் எண்களை அடையாளம் காண்பது, எது பெரிய எண் என்று சொல்வது, பிசகாமல் எண்ணுவது, ஒரு கோட்டில் ஓர் எண் எங்கே வரும் என்று குறிப்பது ஆகிய நான்கிலும் எண் பலகையில் ஆடியவர்கள் முன்னேறியிருந்தார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் மறையவில்லை. அந்த 124 பேரில் இன்னொரு குழுவுக்கு அதே பலகை, அதே காய், அதே பெரியவர் துணை. கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும். அவர்கள் ஆடியதும் ஆட்டம்தான். எண்ணறிவில் அவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

விளையாட்டின் மூலம் கல்வி என்று பேசுபவர்கள் பெரும்பாலும் குதூகலத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பாடம் கசக்கும், ஆட்டம் இனிக்கும், இரண்டையும் கலந்து கொடுத்தால் பிள்ளை மறுக்காமல் விழுங்கும் என்பது அந்த வாதம். மேலே சொன்ன ஆய்வு அதை நம்ப இடம் தரவில்லை. இரண்டு குழுவுக்கும் ஆட்டம் ஒன்றுதான். காயை நகர்த்தும் நேரத்தில் மனம் செய்த வேலைதான் வேறு. ஓர் ஆட்டம் எதைச் செய்ய வைக்கிறதோ அதைத்தான் கற்றுக்கொடுக்கும். அதன் அட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். கல்வி விளையாட்டுகளைப் பற்றி இதுவரை கிடைத்திருக்கும் நல்ல ஆய்வுகள் பலவும் இந்த ஒரு கருத்தையே வெவ்வேறு பக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகின்றன.

2014-இல் எலிடா லாஸ்கியும் அதே சீக்லரும் நூறு வரை எண்கள் உள்ள பலகையை வைத்து இதை இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார்கள். பலகை ஒன்று, ஆடும் முறை ஒன்று, எண்ணும் வழக்கம் மட்டும் இரண்டு. காய் 23-இல் இருக்கிறது, நான்கு விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழுவினர் 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு' என்று எண்ணி நகர்த்தினார்கள். மற்றவர்கள் காய் தொடும் கட்டங்களைப் படித்துக்கொண்டே, 'இருபத்துநாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு' என்று போனார்கள். எண்களின் அளவைப் பற்றிய அறிவு தெளிவாக வளர்ந்தது இரண்டாம் குழுவுக்குத்தான். பரமபதம் ஆடும் நம் வீடுகளில் கிட்டத்தட்ட எல்லோரும் முதல் குழுவைப் போலத்தான் எண்ணுகிறோம். பலகையில் நூற்றுக்கும் மேல் எண்கள் இருந்தாலும் குழந்தையின் வாயில் ஆறு, பன்னிரண்டைத் தாண்டி எதுவும் வருவதில்லை. இதை மாற்றக் காசு எதுவும் செலவில்லை. கூட உட்கார்ந்து ஆடும் பெரியவர் கட்டத்தின் எண்ணைச் சத்தமாகச் சொல்லச் சொன்னால் போதும். பரமபதம் எண் கற்பிக்கப் பிறந்த ஆட்டமல்ல, நல்வினை தீவினையைச் சொல்லப் பிறந்தது என்பது வேறு விஷயம். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. தானம் செய்தவன் ஏணியில் ஏறுவான் என்று கட்டம் சொல்கிறது. அவனை அந்தக் கட்டத்துக்குக் கொண்டுவந்ததோ உருட்டிய கட்டைதான். வைகுண்ட ஏகாதசி இரவு முழுக்கக் கண்விழித்து ஆடியவர்கள் தர்மத்தைக் கற்றார்களோ இல்லையோ, கட்டையை நெற்றியில் ஒற்றி உருட்டக் கற்றிருப்பார்கள்.

கைப்பேசிச் செயலிகளுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் எய்ன்ஸ்வர்த் இருவரும் ஏழு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு கணினி விளையாட்டை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. அதில் எலும்புக்கூடுகள் எதிரே வரும், ஒவ்வொன்றின் மார்பிலும் ஓர் எண். 15 என்று எழுதிய எலும்புக்கூட்டை மூன்றுக்குரிய ஆயுதம் வீழ்த்தும்; இரண்டுக்குரியது பலிக்காது. அதாவது சண்டை போடுவதே வகுத்துப் பார்ப்பதுதான். இன்னொரு வடிவத்தில் சண்டையில் எண் கிடையாது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதே வகுத்தல் கணக்குகள் கேள்வித்தாள் போல வரும். ஒரே அளவு நேரம் ஆடவிட்டபோது முதல் வடிவத்தை ஆடியவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். விருப்பப்படி ஆடலாம் என்று விட்டபோது முதல் வடிவத்தில் அவர்கள் செலவிட்ட நேரம் மற்றதைப்போல் ஏழு மடங்கு. நம் பிள்ளைகளின் கையிலிருக்கும் பல 'கல்வி விளையாட்டுகள்' இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சரியான விடையைத் தொட்டால் நாணயம் கொட்டும், தவறினால் இதயம் ஒன்று குறையும். அடியில் கிடப்பது பழைய வாய்ப்பாட்டுத் தேர்வுதான். புள்ளிகளும் பதக்கங்களும் பிள்ளையை இழுக்கும் என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள பாலர் வகுப்புக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும். இது 1973-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு. சில நாள் கழித்து அந்தக் குழந்தைகள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது.

ஒரே கருவி பொழுதுபோக்காகவும் பள்ளிக்கூடமாகவும் மாறியதற்கு நல்ல உதாரணம் விமானப் பயிற்சியில் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டனில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலைக்காரரின் மகன் எட்வின் லிங்க். ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டு, குட்டையான இறக்கை வைத்த ஒரு பெட்டியைச் சாயவும் திரும்பவும் செய்து, தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவியை 1920-களின் இறுதியில் உருவாக்கினார். விமானப் பள்ளிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள் வாங்கின, காசு போட்டு ஏறி ஆட. 1934 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவம் விமானத் தபாலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. மேகத்திலும் இருட்டிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாத விமானிகள் அடுத்தடுத்து விழுந்தார்கள். சில மாதங்களில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே ராணுவம் லிங்கின் கருவியில் ஆறை, ஒன்று 3,500 டாலர் விலையில் வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் அந்த நீலப் பெட்டியில் பழகியவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

பூங்காவில் ஆடியவனுக்கும் ராணுவத்தில் பழகியவனுக்கும் பெட்டி ஆடிய ஆட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இரண்டு இடத்தில் இருந்தது. பயிற்சியில் மேலே மூடி கவிழ்ந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது, முள்களைப் படித்துத்தான் ஓட்டியாக வேண்டும். உடல் சொல்வதை நம்பாமல் கருவி சொல்வதை நம்பும் பழக்கம் அப்படித்தான் கைவந்தது. இரண்டாவது, பக்கத்து மேசையில் ஆசிரியர் இருப்பார். அவர் முன் விரித்திருக்கும் வரைபடத்தின் மேல் மூன்று சக்கரம் வைத்த சின்னக் கருவி ஒன்று நகர்ந்து, மாணவன் 'பறக்கும்' பாதையை மையால் கோடாக இழுத்துக்கொண்டே போகும். விமானிகள் அதற்கு நண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்து இறங்கி வந்ததும், நேராகப் போகிறோம் என்று தான் நினைத்த இடத்தில் கோடு வளைந்து கிடப்பதை மாணவன் பார்ப்பான். எங்கே, ஏன் வளைந்தது என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கும். இன்று மருத்துவக் கல்லூரிகளில் பொம்மை நோயாளியை வைத்து நடக்கும் பயிற்சிகளிலும் ஆட்டத்துக்குப் பிந்தைய இந்தக் கலந்துரையாடலுக்குத்தான் ஆசிரியர்கள் அதிக மதிப்புத் தருகிறார்கள். பள்ளிகளில் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. மணி அடித்துவிடும், அட்டைகளைப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள்.

பாவனை எப்போதும் நிஜத்துக்கு ஒரு படி கீழ் என்றும் எண்ண வேண்டியதில்லை. இயற்பியலுக்கு நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் இலவசப் பாவனைகளில் மின்சுற்று அமைக்கும் ஒன்றும் உண்டு. 2005-இல் வெளியான ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் நிஜமான பல்பு, மின்கலம், கம்பியோடும், மற்றவர்கள் அந்தப் பாவனையோடும் பழகினார்கள். பிறகு நிஜமான மின்சுற்று ஒன்றை அமைத்து விளக்கச் சொன்னபோதும் பாவனையில் பழகியவர்களே மேலாகச் செய்தார்கள். ஆய்வகத்தில் இணைப்பு தளர்ந்திருக்கும், கம்பியின் நிறம் ஏதோ பொருள் உள்ளதுபோல் குழப்பும். திரையில் அந்தத் தொந்தரவுகள் இல்லை, கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான்கள் ஓடுவதும் தெரியும். மனம் எதன் மேல் நிற்க வேண்டுமோ அதன் மேல் நின்றது. ஆய்வகங்களை இழுத்து மூட இது காரணமாகாது. தளர்ந்த இணைப்பைக் கண்டுபிடிப்பதும் ஒரு கல்வி, அதைத் திரை தராது.

இதற்கெல்லாம் எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான சான்று டெல்லியிலிருந்து வருகிறது. எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரதம் என்ற கல்வி அமைப்பு நடத்திய 214 பாலர் பள்ளிகளில் 1,540 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் சயின்ஸ் இதழில் வந்தது. நான்கு மாதம் கணித விளையாட்டுகள்: எந்தக் கூட்டத்தில் புள்ளிகள் அதிகம், எந்த வடிவம் மற்றவற்றோடு சேராது என்பது போல. அளவையும் வடிவத்தையும் உணரும் திறன் வளர்ந்தது. ஒரு வருடம் கடந்தும் அது நீடித்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புக் கணக்கில் அதனால் ஒரு பயனும் கிடைக்கவில்லை. விளையாட்டுக் கல்வி வீண் என்பதற்கு இதைக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. அந்த ஆட்டங்களில் புள்ளிகள் இருந்தன, எழுதிய எண்கள் இல்லை. புள்ளிகளைப் பார்க்கப் பழகிய குழந்தை புள்ளிகளைப் பார்ப்பதில் தேறியது, அவ்வளவுதான். ஆட்டத்திலிருந்து ஏட்டுக்குத் தானாக எதுவும் தாவாது. 2025-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வும் இதையே இன்னொரு முனையிலிருந்து காட்டியது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் சிறுவர்கள் கிலோக் கணக்கையும் சில்லறையையும் மனத்திலேயே போட்டுவிடுகிறார்கள். அதே அளவுக் கணக்கைப் பள்ளிக்கூட வடிவில் எழுதிக் கொடுத்தால் திணறுகிறார்கள். ஆகவே பல்லாங்குழி ஆடினால் கணக்கு வரும் என்று மேடையில் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் பசு என்று எடுக்கும் குழந்தையிடம், மூன்று பசு எடுத்தால் எத்தனை முத்து என்று கேட்டு, அதைச் சிலேட்டில் 3 × 4 = 12 என்று எழுதவைக்க ஒருவர் வேண்டும்.

விளையாட்டு என்றால் ஆர்வம் தானாக வரும் என்பதும் உறுதியில்லை. 39 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வௌட்டர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட அலசலில், கல்விக்கான கணினி விளையாட்டுகள் வழக்கமான கற்பித்தலைவிட ஓரளவு கூடுதலாகக் கற்பித்தன; ஆர்வத்தைக் கூட்டின என்று சொல்ல மட்டும் போதிய ஆதாரம் இல்லை. வேறு கற்பித்தலோடு சேர்த்துத் தந்தபோதும், பலமுறை ஆடியபோதும், குழுவாக ஆடியபோதும் பலன் கூடியது. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதில் ஆட்டத்துக்கு எங்கே போவது என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாப் பாடத்துக்கும் ஆட்டம் தேடுவதும் தேவையற்ற வேலை. குறை எண்கள், நிகழ்தகவு, மின்சுற்று, வழங்கல் தேவை என்று சொல்லிப் புரியவைக்கத் திணறும் இடங்கள் எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அங்கே ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும். தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அட்டை, பாட்டு, விளையாட்டு ஆகியவற்றைச் சிறு வகுப்புகளுக்கு ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டன. இனி ஒவ்வோர் அட்டையிலும் பிள்ளையின் மனம் என்ன செய்கிறது என்று பார்த்துக் களைய வேண்டியதைக் களையலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, பெரிய வகுப்புகளுக்கானது. பாவனை என்பது யாரோ ஒருவர் உலகத்தைச் சுருக்கி எழுதிய விதிகள். 1989-இல் வில் ரைட் வெளியிட்ட, நகரம் கட்டும் கணினி விளையாட்டான சிம்சிட்டி, நகர நிர்வாகம் கற்பிக்க வகுப்பறைகளுக்குள் புகுந்தது. அதன் பின்னால் இருந்தது, ஜே ஃபாரஸ்டர் 1969-இல் நகரங்களைப் பற்றி எழுதிய, அப்போதே சர்ச்சைக்குள்ளான ஒரு கணினி மாதிரி. 2013-இல் வந்த புதிய பதிப்புக்காக அதன் வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ராண்ட் நிஜக் கடைகளையும் அவற்றின் வாகன நிறுத்தங்களையும் அளந்து பார்த்தார். உள்ளபடி வரைந்தால் நகரம் முழுக்க நிறுத்துமிடமாகவே தெரியும், ஆட்டம் சலித்துப்போகும் என்று கண்டு, நிறுத்தங்கள் நிலத்தடியில் இருப்பதாகப் பாவித்துவிட்டார்கள். ஆடுபவர் இதை ஒருபோதும் உணரமாட்டார். சிம்சிட்டியை வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர் மாணவர்களிடம் கேட்கக்கூடிய நல்ல கேள்வி ஒன்று இங்கேதான் இருக்கிறது: உங்கள் ஊரில் உள்ள, ஆனால் இந்த ஊரில் இல்லாத ஒன்று எது? நடைபாதைக் கடை, தண்ணீர் லாரி, பட்டா இல்லாத வீடு என்று அவர்கள் எழுதத் தொடங்கினால் கரும்பலகையில் இடம் போதாது.